பணம் கொடுத்து வாங்கும் பயம்



பயம் யாருக்கும் வேண்டாத பொருள். அது நெருங்காதிருக்க வீட்டுக்குத் தாழ்ப்பாள் போடுகிறோம். தெருவுக்கு விளக்குக் கேட்டு மனுக் கொடுக்கிறோம். குழந்தைகளைச் சிலுவை அடையாளம் வரையச் சொல்லிப் படுக்க வைக்கிறோம். இப்படி வாசலிலேயே நிறுத்திவைத்த பயத்தைத்தான் பிறகு டிக்கெட் வாங்கிக்கொண்டு கொட்டகைக்குள் தேடிப் போகிறோம். கொட்டகைக்குப் போக வழியில்லாத வாலிபனோ, போர்வைக்குள் கைப்பேசியை வைத்துக்கொண்டு, இரவு இரண்டு மணிக்கு ஏதோ ஒரு பாழடைந்த பங்களாவின் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருக்கிறான். "சாமி, இது பாவமா, பைத்தியமா?" என்று தாய்மார் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இரண்டும் இல்லை, போய் நிம்மதியாகத் தூங்குங்கள் என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் மனிதன் ஏன் இருட்டை விரும்பிப் பார்க்கிறான் என்ற கேள்வி அதனால் தீர்ந்துவிடாது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சினிமா கொண்டுவந்த வியாதி என்று பெரியவர்கள் சிலர் சொல்வதுண்டு. அப்படிச் சொல்கிறவர்கள் கலிங்கத்துப்பரணியைத் திறந்து பார்த்ததில்லை என்றுதான் நினைக்க வேண்டும். ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன் சயங்கொண்டார் பாடிய நூல் அது. முதற் குலோத்துங்க சோழனின் படை, கருணாகரத் தொண்டைமான் தலைமையில், கலிங்கத்தை வென்ற செய்தியைச் சொல்ல வந்த புலவர், எலும்பும் நிணமும் கொண்டு எழுப்பிய காளி கோயிலைக் காட்டுகிறார். பசியால் மெலிந்த பேய்களைக் காட்டுகிறார். கடைசியில் அந்தப் பேய்கள் போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு கூழ் சமைத்துப் பரிமாறி உண்பதையும் காட்டுகிறார். இன்றைய படக்காரர் ஒருவர் இதை அப்படியே எடுத்தால் தணிக்கைக் குழு கத்தரிக்கோலைத் தேடும். சோழ அரசவையோ இதைக் கேட்டுப் பாராட்டியிருக்கிறது.

அதைவிடப் பழக்கமான கதை பழையனூர் நீலியுடையது. திருவாலங்காட்டுப் பக்கம் நடந்ததாகச் சொல்வார்கள். சொல்கிறவரைப் பொறுத்துக் கதை கொஞ்சம் மாறும். கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகி, அடுத்த பிறவியில் வணிகனாகப் பிறந்திருக்கும் அவனைத் தேடி, கையில் குழந்தையுடன் மனைவி வேடத்தில் வருகிறாள். அவன் அலறுகிறான்; ஊரார் நம்பவில்லை. அவளோடு ஒரே அறையில் தங்கும்படி அவனுக்குச் சொல்லி, "உன் உயிருக்கு நாங்கள் பிணை" என்று 70 வேளாளர் வாக்குக் கொடுக்கிறார்கள். விடிந்தபோது அவன் பிணமாகக் கிடக்கிறான். வாக்குத் தவறக் கூடாதென்று 70 பேரும் தீயில் இறங்குகிறார்கள். நம் பாட்டிமார் இந்தக் கதையில் நீலியின் பல்லையும் நகத்தையும் சொல்லிக் குழந்தைகளைப் பயமுறுத்துவார்கள். எனக்கோ அவள் முதல் முறை செத்தபோது ஊரார் எங்கே இருந்தார்கள் என்ற நினைப்புத்தான் வரும். உயிரோடு இருந்தபோது அவளுக்குப் பிணை நின்றவர் ஒருவரும் இல்லை. பேயாகி வந்த பிறகு 70 பேர்!

சமயபுரத்தில் வாழும் நமக்குப் பயங்கரமான உருவம் புதிதல்ல. நம் அயலார் வழிவழியாகச் சொல்லும் கதை ஒன்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். இங்குள்ள அம்மன் திருவுருவம் முன்பு ஸ்ரீரங்கத்தில் இருந்ததென்றும், அதன் உக்கிரம் தாங்காமல் அதை அங்கிருந்து எடுத்து வந்து கண்ணனூர்க் காட்டில் வைத்தார்கள் என்றும் சொல்வார்கள். அவர்கள் சமயத்தைப் பற்றிப் பேச நான் வரவில்லை. பயங்கரமானதை மனிதர் என்ன செய்கிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். அதை உடைத்து எறியவில்லை. வீட்டு நடுவிலும் வைக்கவில்லை. கொஞ்ச தூரத்தில் ஓர் இடம் கொடுத்து, குறித்த நாளில் போய்ப் பார்த்து வருகிறார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் காவல் தெய்வத்துக்கு ஊர் எல்லையில் இடம் ஒதுக்கியிருப்பதும் இந்த மாதிரிதான். எல்லையில் நின்ற அந்தப் பயத்தை இப்போது சினிமாக் கொட்டகை ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

சரி, அந்தக் கொட்டகையில் என்ன காட்டினார்கள்? 1963இல் ஸ்ரீதர் எடுத்த 'நெஞ்சம் மறப்பதில்லை' வந்தது. ஜமீன்தார் மகன் ஓர் ஏழைப் பெண்ணை விரும்புகிறான். ஜமீன் கௌரவம் அதைப் பொறுக்காமல் கொலையில் முடிகிறது. அடுத்த பிறவியிலும் அந்தக் கதை விடாமல் துரத்துகிறது. கிழட்டு ஜமீன்தாராக நம்பியார் வந்தபோது கொட்டகையில் குழந்தைகள் அழுததாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் படத்துக்கு நிழலும் ஒளியும் தந்தவர் ஒளிப்பதிவாளர் வின்சென்ட். அவரே அடுத்த ஆண்டு, 1964இல், மலையாளத்தில் 'பார்கவி நிலையம்' என்ற படத்தை இயக்கினார். கதை வைக்கம் முகம்மது பஷீருடையது. எழுத்தாளன் ஒருவன் பாழ்வீட்டில் குடியேறுகிறான். காதல் தோல்வியால் கிணற்றில் விழுந்து செத்த பெண்ணின் ஆவி அங்கே உலவுவதாக ஊர் சொல்லுகிறது. அவன் பயந்து ஓடாமல், அவளோடு பேசிப் பேசி, அவள் கதையை எழுதத் தொடங்குகிறான். எழுதப் போனால், அவள் தானாக விழவில்லை, தள்ளப்பட்டாள் என்பது வெளியாகிறது. தற்கொலை என்று ஊரார் முடித்துக் கட்டிவிட்ட விஷயம் கொலையாக இருக்கிறது.

1966இல் ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடித்த 'யார் நீ?' வந்தது. அது வேறு வகை. வெள்ளைச் சேலையும் மழை இரவும் இருந்தாலும் முடிவில் எல்லாம் மனிதச் சூழ்ச்சி என்று தெரிந்துவிடும். பிறகு வந்த படங்களை எண்ணி முடியாது. 2005இல் வந்த 'சந்திரமுகி' சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாட்களுக்கு மேல் ஓடியது. ரஜினிகாந்துக்காக ஓடியது என்பீர்கள், வாஸ்தவம். ஆனாலும் அந்தக் கதையின் அடியில் கிடப்பது, ராஜா ஒருவன் பலவந்தமாகக் கொண்டுவந்து, காதலனைக் கொன்று, உயிரோடு எரித்த ஒரு நடனக்காரியின் வழக்கு. 2011இல் ராகவா லாரன்ஸ் எடுத்த 'காஞ்சனா'வில் பேயாக வருவது ஒரு திருநங்கை. நிலத்தைப் பறிப்பதற்காகக் கொன்று புதைத்திருக்கிறார்கள். சிரிப்பும் கூச்சலும் நிறைந்த படம்தான். என்றாலும், பகல் வெளிச்சத்தில் திருநங்கையைக் கண்டு முகம் சுளித்த அதே ஜனங்கள், அந்த இருட்டில் அவளுக்காகக் கை தட்டினார்கள்.

நீலி முதல் காஞ்சனா வரை ஒன்றைக் கவனித்தீர்களா? நம் கதைகளில் பேயாக வருகிறவர் பெரும்பாலும் கொன்றவர் அல்லர், கொல்லப்பட்டவர். சுகமாக வாழ்ந்து, பிள்ளைகள் சூழ்ந்திருக்க, அவஸ்தைப் பூசுதல் பெற்றுச் செத்த கிழவியை யாரும் பேயாக்குவதில்லை. போலீசில் எழுதப்படாத புகார், பஞ்சாயத்தில் எடுக்கப்படாத வழக்கு, வீட்டார் வாய்க்குள் விழுங்கிவிட்ட செய்தி, இவைதாம் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு படத்தில் வருகின்றன. இருட்டுப் படம் மனிதனை இழுப்பதற்கு இதுவே முக்கியமான காரணம் என்று நான் எண்ணுகிறேன். நாம் மூடிவைத்த ஒன்று அங்கே திறந்து காட்டப்படுகிறது. அதைப் பார்க்கப் பயமாகவும் இருக்கிறது. பார்க்காமல் போகவும் மனம் வருவதில்லை.

பேய் வீடு என்று பேர் எடுத்த வீடு எந்த ஊரிலும் ஒன்று இருக்கும். விசாரித்துப் பாருங்கள், அங்கே எப்போதோ ஓர் இளம் பெண் தீயில் செத்திருப்பாள். "ஸ்டவ் வெடித்தது" என்று பத்திரிகையில் நாலு வரி வந்திருக்கும். அதன்பின் இருட்டிய பிறகு ஜனங்கள் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். அழுகுரல் கேட்கிறது என்பார்கள். அவள் உயிரோடு இருந்து உண்மையாகவே அழுதபோது, சுவருக்கு அப்பால் இருந்த நாலு குடும்பத்துக்கும் அது கேட்டிருக்குமே! "புருஷன் பெண்சாதி விவகாரம், நமக்கென்ன" என்று அப்போது வானொலியைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தவர்கள், இப்போது இல்லாத அழுகையைக் கேட்டு நடுங்குகிறார்கள். வரதட்சிணைச் சாவு நம் சட்டத்தில் தனிக் குற்றமாக ஏறியதே 1986இல்தான். இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 80ஆம் பிரிவு. மணமான 7 ஆண்டுக்குள் இயற்கைக்கு மாறாகச் செத்தாள் என்பதும், சாவுக்குச் சற்று முன்பு வரதட்சிணைக்காகக் கொடுமை நடந்தது என்பதும் காட்டப்பட்டால், புருஷனும் அவன் வீட்டாரும் பதில் சொல்லியாக வேண்டும். கொடுமையைக் கண்டவரும் கேட்டவரும் வாய் திறந்தால்தானே அந்தப் பிரிவு உயிர் பெறும்? இறந்தவர் ஆவி தெருவில் அலைகிறது என்று நம் ஞானோபதேசம் சொல்லித் தருவதில்லை. அந்த வீட்டைக் கடக்கும்போது நம் நெஞ்சு அடித்துக்கொள்கிறதே, அதற்கு ஆவி தேவையில்லை, ஞாபகம் போதும்.

"அப்படியானால் இந்தப் படங்கள் நல்லவை என்கிறீரா?" என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். திருச்சபை சினிமாவை எப்போதும் இரு கண்ணாலும்தான் பார்த்து வந்திருக்கிறது. 1936இல் பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் சினிமாவைப் பற்றி ஒரு சுற்றுமடலே எழுதி, கெட்ட படங்களை விலக்கும் இயக்கத்தைப் பாராட்டினார். 1995இல், சினிமாவின் நூறாம் ஆண்டை ஒட்டி, வத்திக்கான் 45 சிறந்த படங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. அதில் கலைப் பிரிவில் இடம் பெற்ற ஒரு படம் எது தெரியுமா? 1922இல் ஜெர்மனியில் முர்னாவ் எடுத்த 'நோஸ்பெராட்டு', இரத்தம் குடிக்கும் பேயின் கதை! ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவலை அனுமதியின்றிப் படமாக்கினார்கள் என்று அவர் விதவை வழக்குத் தொடுத்து, பிரதிகளை அழிக்கும்படி உத்தரவும் வாங்கினார். எங்கெங்கோ தப்பிக் கிடந்த பிரதிகளால் அது பிழைத்தது. நன்னெறிப் பிரிவில் பெர்க்மன் 1957இல் எடுத்த 'ஏழாவது முத்திரை'யும் உண்டு. கொள்ளைநோய் பரவும் நாட்டில் ஒரு போர்வீரன் மரணத்தோடு உட்கார்ந்து சதுரங்கம் ஆடுகிறான். இரண்டும் இருட்டான படங்களே.

ஜெர்மனியில் அந்தக் காலத்துப் படங்களில் சுவர் கோணலாக நிற்கும், நிழலைத் தரையில் சாயத்தால் தீட்டியிருப்பார்கள், கதவு கதவாகவே இராது. 1920இல் வந்த 'டாக்டர் காலிகரி' அப்படிப்பட்டது. லட்சக்கணக்கான வாலிபரைப் போரில் பறிகொடுத்துவிட்டு நின்ற நாட்டுக்கு, நேரான சுவரைக் காட்டினால் பொய்யாகப் பட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் இளைஞர்களும் இத்தகைய விசித்திரப் படங்களைக் கொண்டாடுகிறார்கள். 2018இல் வந்த 'தும்பாட்' என்ற இந்திப் படம் அப்போது பெரிதாக ஓடவில்லை. பார்த்த சிலர் விடாமல் சொல்லிச் சொல்லி, 2024இல் மறுபடி திரையிட்டபோது முன்னைவிட அதிகம் வசூலித்தது. அதில் பேயைக் காட்டிலும் பயங்கரம் தலைமுறை தலைமுறையாகத் தொற்றும் பேராசை. எல்லோரும் தள்ளிவிட்ட ஒன்றைச் சிலர் எடுத்து வைத்துக் காப்பாற்றுவதில் ஒரு பிரியம் இருக்கிறது. பிள்ளைகள் அதைச் செய்யும்போது உடனே கோபிக்க வேண்டியதில்லை.

எனினும் அபாயம் உண்டு. அதை அர்ச். அகுஸ்தீனார் தம் 'சங்கீர்த்தனங்கள்' நூலில், 1600 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார். அவர் சிநேகிதர் அலிப்பியுஸ் நல்ல வாலிபர். உரோமாபுரியில் சட்டம் படிக்கப் போன இடத்தில், மனிதரை மனிதர் வெட்டிச் சாய்க்கும் காட்சிக்குத் தோழர்கள் அவரை இழுத்துக்கொண்டு போனார்கள். "என் உடம்பைத்தானே கொண்டுபோவீர்கள், என் கண்ணை என்ன செய்வீர்கள்?" என்ற பாவனையில் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திடீரென்று கூட்டம் பெருங்கூச்சல் போட்டது. என்னவென்று பார்க்கத்தானே என்று கண்ணைத் திறந்தார். திறந்த கண் மூடவில்லை. பிறகு தாமே போகலானார். மற்றவர்களையும் அழைத்துப் போனார். கெட்டது தன்னை ஒன்றும் செய்யாது என்ற அவருடைய நம்பிக்கைதான் அவரைக் கவிழ்த்தது. இந்த அலிப்பியுஸ் பிற்பாடு மேற்றிராணியாராகி, அர்ச்சியசிஷ்டவராகவும் வணங்கப்படுகிறார் என்பது வேறு விஷயம்.

கத்தி வெட்டுகிறது. அப்போது உன் மனம் வெட்டுப்படுகிறவன் பக்கம் நிற்கிறதா, கத்தியின் பக்கம் நிற்கிறதா? வெட்டுவதன் அழகையே காட்டி, அடுத்த வெட்டு எப்போது என்று ஏங்க வைக்கும் படங்கள் உலகெங்கும் ஏராளமாக வருகின்றன. அவற்றில் செத்தவனுக்குப் பேர்கூட இராது. நீலிக்குப் பேர் உண்டு, பார்கவிக்குப் பேர் உண்டு, சந்திரமுகிக்குப் பேர் உண்டு. வாலிபர்களே, படம் முடிந்து ஒரு மணி நேரம் கழித்துச் செத்தவர்களின் பேர் ஞாபகம் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் நீங்கள் பார்த்தது வேறு வகைப் படம்.

இன்னொரு தீங்கு எனக்கு அதிக விசாரத்தைத் தருகிறது. மேல்நாட்டுப் பேய்ப் படங்களில் குருவானவர் ஒருவர் சிலுவையைத் துப்பாக்கி போல நீட்டுவார். தீர்த்தம் பட்ட இடம் திராவகம் போலப் பொங்கும். நம் ஜனங்கள் இதைப் பார்த்துவிட்டு, பாடுபட்ட சுரூபத்தைத் தாயத்தாக எண்ணிவிடுகிறார்கள். அதோடு போனால் பாதகமில்லை. வீட்டில் ஒரு பெண் தனக்குள் பேசினால், சாப்பிட மறுத்தால், முகத்தை மூடிக்கொண்டு அழுதால், படத்தில் பார்த்த ஞாபகத்தில் "பிடித்துவிட்டது" என்று முடிவு கட்டுகிறார்கள். 2001 ஆகஸ்டு 6ஆம் தேதி இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் நடந்ததை மறக்கக் கூடாது. மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதையே தடை செய்திருக்கிறது. நம் திருச்சபைச் சட்டத்திலும் மேற்றிராணியாரின் விசேஷ அனுமதியின்றி எந்தக் குருவும் பேயோட்டும் சடங்கு செய்யக் கூடாது. நோயா என்று முதலில் வைத்தியரைக் கொண்டு பார்க்க வேண்டும். 'சந்திரமுகி'க்கு மூலமான 'மணிச்சித்ரதாழ்' என்ற 1993ஆம் ஆண்டு மலையாளப் படத்தில்கூட, கடைசியில் அந்தப் பெண்ணைக் குணப்படுத்துகிறவர் மனநோய் வைத்தியர்தான். அதை மட்டும் மறந்துவிட்டு, ஆட்டத்தையும் கண்ணின் உருட்டலையும் ஞாபகம் வைத்திருக்கிறோம்.

பக்கத்து ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி புனித வளனார் கல்லூரியில் படித்த சுஜாதா 'கொலையுதிர் காலம்' எழுதியபோது, பேயா விஞ்ஞானமா என்று வாசகரைக் கடைசிவரை இழுத்துப் போனார். அது நல்ல கேள்விதான். ஆனால் பேய் இல்லை என்று நிரூபித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுகிறவர்களோடு எனக்குச் சம்மதமில்லை. செத்த பெண்ணின் கணக்கு அப்போதும் அப்படியே நிற்கிறது.

அந்தக் கணக்கை நான் அறிந்தவரை நன்றாகக் காட்டிய படம், மிஷ்கின் 2014இல் எடுத்த 'பிசாசு'. நம் பழைய ஜெபப் புத்தகத்துப் பசாசு வேறு. இந்தப் பிசாசு ஒரு பெண்பிள்ளை. வண்டி மோதிச் சாலையில் கிடந்த அவளை, வயலின் வாசிக்கும் ஒரு வாலிபன் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்கிறான். அவன் கையைப் பிடித்தபடி அவள் உயிர் போகிறது. அதன்பின் அவள் அவன் வீட்டில் இருக்கிறாள். அவன் நடுங்குகிறான். அவளோ அவனைக் குடிக்க விடாமல் தடுக்கிறாள். அவன் தாயைக் காப்பாற்றுகிறாள். அவளைக் கொன்ற பாதகன் யார் என்று அவன் தேடிப் புறப்படுகிறான். கண்டு சொன்னவனுக்கோ நிறம் பிரித்துப் பார்க்கத் தெரியாது. கடைசியில், மோதிய வண்டி தன்னுடையதே என்று அவனுக்கு விளங்குகிறது. அவளுக்கு அது முதலிலிருந்தே தெரியும். தெரிந்துதான் அவனைக் காத்து வந்தாள். பழிக்குப் பழி என்ற நீலிக் கதைக்கு இப்படியும் ஒரு மறுபக்கம் எழுதலாம் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டேன்.

தாய் தந்தையருக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். 2024 முதல் தணிக்கைச் சான்றிதழில் யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று வயது பிரித்துப் போடுகிறார்கள், அதைப் படியுங்கள். சிறு பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு இந்தப் படங்களைப் பார்க்காதீர்கள். அவர்களுக்கு ஒரு மாதத் தூக்கம் போய்விடும். ஏ என்று போட்டதைப் பிள்ளைகளுக்குக் காட்டவே வேண்டாம். வீட்டில் புதிதாகச் சாவு விழுந்திருந்தால் கொஞ்ச காலம் எல்லோருமே விட்டுவிடுங்கள். வளர்ந்த பிள்ளை பார்த்துவிட்டு வந்தால் "பயமாக இருந்ததா?" என்று கேட்டுக் கேலி செய்யாமல், "அதில் யார் பாவம்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தொடங்கினால் குறுக்கே பேசாதீர்கள்.

'பிசாசு' படத்து வாலிபன் எல்லாம் தெரிந்தபின் போலீசுக்குப் போயிருக்க வேண்டுமா என்பதில் நம் இளைஞர்கள் இருவர் என்னோடு ஒத்துப்போகவில்லை. போயே ஆக வேண்டும் என்பது என் கட்சி. அவள் மன்னித்த பிறகு சட்டத்துக்கு என்ன வேலை என்பது அவர்கள் கட்சி. மற்றவர்களும் சேர்ந்துகொள்ளலாம். ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் அறைவீட்டுத் திண்ணையில் இருப்பேன்.